'அனுப்பிட்டேன்', 'இன்னும் வரல': நடுவழியில் நிறுத்தப்படும் மின்னஞ்சல் எங்கே இருக்கிறது?

செமிலிங்கைச் சேர்ந்த ஒரு மாணவி, அலோர் ஸ்டாரில் உள்ள ஓர் அரசு அலுவலகத்துக்கு உபகாரச் சம்பள விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு அனுப்பிவிட்டார். இறுதி நேரம் ஞாயிறு மாலை 5 மணி. கைப்பேசியில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டுகிறது. திரும்பியும் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு சந்தேகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்.

"அக்கா, நான் வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்."

"உங்க பேருல ஒண்ணும் வரலையேம்மா."

இருவர் சொல்வதும் உண்மைதான். மாணவி அனுப்பியிருக்கிறார்; அலுவலகத்தில் இருப்பவரின் பெட்டிக்கு அது வரவில்லை. கடிதம் தொலைந்துபோகவும் இல்லை. அந்த அலுவலகத்தின் மெயில் சர்வரிலேயே, தடுத்துவைக்கப்பட்ட அஞ்சல்களோடு அஞ்சலாக அது உட்கார்ந்திருக்கிறது. யாராவது ஒருவர் பார்த்து, "இது நல்ல கடிதம், விடு" என்று சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும். யாரும் பார்க்காவிட்டால் சில வாரங்களில் அழிந்தும் போகலாம்.

சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் நிறுவனங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ள செமிலிங் போன்ற ஊரில், படிப்பு, வேலை, உதவித்தொகை என்று மின்னஞ்சலை நம்பியிருக்கும் இளையோர் அதிகம். அதனால் இது கணினித் துறையினர் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

தோட்டத்து ஆபீஸ் நினைவிருக்கிறதா?

பெடோங், செமிலிங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கடிதம் நேரே லயத்து வாசலுக்கு வராது. தோட்டத்து ஆபீஸுக்கு வரும். அங்கே கிராணி பார்த்துப் பிரித்து வைப்பார். யாராவது போய்க் கேட்டால்தான் கைக்குக் கிடைக்கும். ஊரிலிருந்து வந்த கடிதம் ஒரு வாரம் மேசை இழுப்பறையில் கிடந்த கதைகள் பல குடும்பங்களில் உண்டு.

தபால்காரரின் கணக்கில் அந்தக் கடிதம் பட்டுவாடா ஆகிவிட்டது. எழுதியவரும் சேர்ந்துவிட்டது என்றே நினைப்பார். பெற வேண்டியவருக்கோ அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. மெயில் சர்வரில் இன்று நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது, வாங்கும் சர்வர் மூன்றிலக்க எண்ணில் பதில் சொல்லும். 250 என்றால் 'வாங்கிக்கொண்டேன்'. 4-இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா'. 5-இல் தொடங்கினால் 'வேண்டாம், எடுத்துப் போ'. 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறை இது. 5 என்று பதில் வந்தால் அனுப்பியவருக்குத் திரும்பு கடிதம் வரும், அவர் வேறு வழி தேடலாம்.

சிக்கல் 250-இல் இருக்கிறது. 'வாங்கிக்கொண்டேன்' என்று சொன்ன அந்த நொடியிலிருந்து கடிதத்துக்கான பொறுப்பு வாங்கிய சர்வருக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு உள்ளே இருக்கும் வடிகட்டி அதை நிறுத்திவைத்தால், வெளியே இருப்பவருக்கு எந்தத் தகவலும் போகாது. மாணவியின் கைப்பேசி 'அனுப்பப்பட்டது' என்று காட்டியதற்குப் பொருள், கடிதம் அவர் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது என்பது மட்டும்தான்.

நல்ல கடிதம் ஏன் மாட்டுகிறது?

குப்பை அஞ்சலின் வரலாறு மின்னஞ்சலின் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. 1978 மே மாதம் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், அன்றைய அர்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுதான் முதல் ஸ்பேம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இன்று விளம்பரத் தொல்லையைவிடப் பெரிய பயம் மோசடிதான். வருமான வரி வாரியத்தின் பெயரிலும் போஸ் மலேசியாவின் பெயரிலும் வரும் போலிக் கடிதங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வடிகட்டி இல்லாமல் ஓர் அலுவலகம் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

வடிகட்டிகள் பெரும்பாலும் மதிப்பெண் போட்டு வேலை செய்கின்றன. 2001-இல் வெளிவந்து இன்றும் பல இடங்களில் ஓடும் ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் ஒவ்வொரு சந்தேகக் குறிக்கும் அது ஒரு மதிப்பெண் கொடுக்கும். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் குப்பை என்று முத்திரை குத்தும். 5 என்பது அதோடு வரும் தொடக்க அளவு. நிர்வாகி கூட்டலாம், குறைக்கலாம்.

நம் மாணவியின் கடிதத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். விண்ணப்பத்துக்காகவே நேற்று திறந்த புதிய முகவரி. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில், 'அவசரம்' என்ற சொல்லோடு. உள்ளே இரண்டே வரி. அதோடு கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு. ஐசி நகல் இருக்கிறதே என்று அக்கறையோடுதான் பூட்டினார். ஆனால் பூட்டிய கோப்புக்குள் கிருமி இருக்கிறதா என்று வடிகட்டியால் பார்க்க முடியாது. திருடர்களும் இதே காரணத்துக்காகத்தான் பூட்டி அனுப்புகிறார்கள். அதனால் பூட்டிய கோப்பு என்றாலே நிறுத்திவை என்று பல அலுவலகங்களில் விதி இருக்கும்.

தமிழில் எழுதினால் கூடுதல் ஆபத்தா?

சரியாக அமைத்த வடிகட்டிக்குத் தமிழ் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் எல்லா வடிகட்டியும் சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகளை மட்டும் எண்ணி உருவாக்கப்பட்டது. தமிழில் தலைப்பு எழுதினால், பொதுவாக அது ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சங்கேத வரியாக மாற்றப்பட்டே பயணம் செய்யும். 'செமிலிங்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது 8 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். சங்கேதமாக மாற்றும்போது 32 எழுத்துகள். நம் கண்ணுக்கு ஊர்ப் பெயர். பிரித்துப் படிக்கத் தெரியாத பழைய விதிக்கு அது தாறுமாறான 32 எழுத்து.

இன்னொன்றும் உண்டு. ஸ்பேம்அசாசினில் கடிதத்தின் மொழியைக் கண்டுபிடிக்கும் துணைநிரல் இருக்கிறது; அதன் பட்டியலில் தமிழும் இருக்கிறது. நிர்வாகி அதை இயக்கி, 'எங்களுக்கு மலாயும் ஆங்கிலமும் மட்டும் வரும்' என்று குறித்துவிட்டால், தமிழ்க் கடிதம் 'வேண்டாத மொழி' என்ற பெயரில் கூடுதல் மதிப்பெண் வாங்கும். தொடக்க அமைப்பில் இப்படிக் கிடையாது, எல்லா மொழியும் அனுமதிதான். ஒருவர் வேண்டுமென்றே மாற்றினால்தான் நடக்கும். சீன அல்லது ரஷ்ய மொழிக் குப்பையைத் தடுக்க நினைத்துச் செய்த மாற்றம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் கடிதத்தையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். மலேசியாவில் சர்வர் நடத்துபவர்கள் ஒருமுறை அந்த வரியைத் திறந்து பார்ப்பது நல்லது.

நிறுத்திவைத்ததை விடுவது எப்படி?

இங்கேதான் பலருக்குத் தெரியாத நுணுக்கம் இருக்கிறது. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச அஞ்சல் மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வீட்சே வெனமா என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளியிட்டது.

போஸ்ட்ஃபிக்ஸில் கடிதங்களுக்குப் பல வரிசைகள் உண்டு. இப்போது பட்டுவாடா ஆகிக்கொண்டிருப்பவை ஒரு வரிசை. மறுமுனை பதில் சொல்லாததால் காத்திருப்பவை இன்னொரு வரிசை. அவற்றை சர்வரே அவ்வப்போது எடுத்து முயன்று பார்க்கும். மூன்றாவதாக நிறுத்திவைப்பு வரிசை. அதில் போன கடிதத்தை சர்வர் தானாகத் தொடவே தொடாது. மனிதர் ஒருவர் வந்து கட்டளை கொடுக்க வேண்டும்.

கட்டளையின் பெயர் போஸ்ட்சூப்பர். சிறிய 'எச்' எழுத்தோடு கொடுத்தால் நிறுத்திவைக்கும். பெரிய 'எச்' கொடுத்தால் நிறுத்தியதை விடுவிக்கும். 'ஆர்' கொடுத்தால் மறுபடி வரிசையில் போடும். விடுவிப்பதும் மறுபடி வரிசையில் போடுவதும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை.

பெரிய 'எச்' கொடுத்தால் கடிதம் காத்திருப்பு வரிசைக்குப் போகும், ஆனால் பழைய வயதோடு போகும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு கடிதத்தைப் பட்டுவாடா செய்ய, மாற்றாவிட்டால், 5 நாள்வரை முயலும். அதற்குள் முடியாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். நிறுத்திவைப்பில் ஒரு வாரம் கிடந்த கடிதத்தைப் பெரிய 'எச்'சில் விட்டால், முதல் முயற்சியில் சின்னத் தடங்கல் வந்தாலே போதும். '5 நாள் தாண்டிவிட்டது' என்று திரும்பிப் போய்விடும். மாணவிக்கு ஒரு வாரம் கழித்து 'உங்கள் கடிதம் சேரவில்லை' என்று வரும். அலுவலகத்திலோ "நேத்தே விட்டுட்டோமே" என்பார்கள்.

'ஆர்' கொடுத்தால், கடிதம் புதிதாக வந்தது போல் மறுபடி வாசலிலிருந்து உள்ளே வரும். புதிய கோப்பு, புதிய நேரக் கணக்கு. அதனால்தான் நெடுநாள் நிறுத்திவைத்த கடிதத்துக்கு 'ஆர்' கொடுங்கள் என்று மென்பொருளின் கையேடே சொல்கிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. வாசலிலிருந்து வந்தால் வாசலில் இருக்கும் சோதனைகள் சிலவற்றில் மறுபடி நிற்க வேண்டும். எந்த விதி முதலில் பிடித்ததோ அதே விதி மறுபடியும் பிடிக்கலாம். நிர்வாகி விட்டுக்கொண்டே இருப்பார், கடிதம் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். சுங்கச் சாவடியில் விட்ட காரை ஒரு சுற்றுச் சுற்றி அதே சாவடிக்குக் கொண்டுவருவது மாதிரி. முதலில் விதியில் விலக்கு எழுதிவிட்டுத்தான் விட வேண்டும்.

உள்ளே இன்னொரு சர்வர் இருந்தால் வேறு தொல்லை. முன்வாசல் சர்வர் விடுவித்த கடிதத்தை உள்சர்வர் வாங்கும்போது, 'இந்த முகவரியின் கடிதம் வேறு இடத்திலிருந்து வருகிறதே' என்று சந்தேகப்பட்டு மறுபடி ஒதுக்கலாம். முன்வாசல் சர்வர் தலைப்பில் 'ஸ்பேம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், கடிதத்தின் மின் கையெழுத்தும் செல்லாமல் போகக்கூடும். அதனால் 'விட்டாச்சு' என்று திரையில் வந்ததோடு வேலை முடிந்துவிடாது. பெறுபவரைக் கூப்பிட்டு, வந்துவிட்டதா என்று கேட்கும் நிர்வாகியே நல்ல நிர்வாகி.

அனுப்பியவருக்கு ஒரு வரி சொல்லக் கூடாதா?

நியாயமான கேள்வி. 'உங்கள் கடிதத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்' என்று தானியங்கிப் பதில் அனுப்பலாமே?

குப்பை அஞ்சலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய்யானது. யாரோ ஓர் அப்பாவியின் முகவரியைப் போட்டிருப்பார்கள். நிறுத்திய ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டால், அந்த அப்பாவியின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அப்படிச் செய்யும் சர்வரையே மற்றவர்கள் குப்பை அனுப்பும் சர்வர் என்று பட்டியலில் போட்டுவிடுவார்கள். ஆகவே பதில் போடாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இதற்கு மாற்று, 250 சொல்வதற்கு முன்பே சோதித்துவிடுவது. வாசலிலேயே 5 சொல்லி மறுத்தால், நல்ல மனிதர் அனுப்பியதாக இருந்தால் அவருடைய சர்வரே அவருக்குத் தெரிவித்துவிடும். திருடன் அனுப்பியதாக இருந்தால் அப்பாவிகள் யாருக்கும் தொல்லை இல்லை. எங்கள் பார்வையில், விண்ணப்பம் வாங்கும் முகவரிகளுக்காவது இந்த முறையே நேர்மையானது. மறுத்தாலும் பரவாயில்லை, தெரியட்டும். தெரியாமல் வைத்திருப்பதுதான் பிள்ளைகளைப் பாதிக்கிறது.

இழுப்பறையைத் திறப்பது யார்?

பல அலுவலகங்களில், நிறுத்திய கடிதங்களின் பட்டியல் தினமும் ஒருமுறை பெறுநருக்குப் போகும். மைக்ரோசாஃப்டின் அலுவலகச் சேவையிலும் இப்படி ஏற்பாடு உண்டு; அங்கே நிறுத்திய கடிதம் அதிகபட்சம் 30 நாள் இருக்கும். சில வகைக் கடிதங்களைப் பெறுநர் தானே விடுவிக்கலாம். கடுமையான மோசடிச் சந்தேகம் என்றால் நிர்வாகியிடம் கேட்க மட்டுமே முடியும்.

இப்போது கெடாவின் நாட்காட்டியைப் பாருங்கள். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். மாணவியின் கடிதம் வியாழன் மாலை நிறுத்தப்படுகிறது. பட்டியல் வெள்ளி காலை வருகிறது. அலோர் ஸ்டாரில் விடுமுறை. ஞாயிறு காலை அதிகாரி பட்டியலைப் பார்த்து 'விடுவிக்கவும்' என்று கேட்கிறார். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கோலாலம்பூரில் இருந்தால் அவருக்கு அன்று விடுமுறை. திங்கள் முற்பகல் கடிதம் விடுபடுகிறது. இறுதி நேரம் முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது. யாரும் வேலையில் தவறவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து வேலை செய்யும் நாள் வாரத்தில் நான்குதான், கடிதம் அந்த நான்குக்கு வெளியே மாட்டிக்கொண்டது. இறுதி நேரத்தைக் கெடாவில் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் அலுவலகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

இழுப்பறையைத் திறப்பவர் கடிதத்தைப் படிக்கவும் முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறுத்திவைப்பு வரிசையில் உள்ள கடிதத்தின் முழு உள்ளடக்கத்தையும் நிர்வாகி ஒரே கட்டளையில் பார்க்கலாம். சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை, ஐசி நகல், எல்லாம். யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று பதிவு இருக்க வேண்டும். கிராணி கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டாரோ என்று அந்தக் காலத்தில் இருந்த சங்கடம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மாணவி என்ன செய்யலாம்?

முதலில், அவர் தாமதிக்கவில்லை என்பதற்குச் சான்று அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சர்வரும் கடிதத்தை வாங்கும்போது அதன் தலையில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் ஒரு வரியை, நாள், மணி, நொடியோடு எழுதும். தபால் முத்திரை மாதிரி. புதிய வரி மேலே சேரும். பழையது கீழே அப்படியே இருக்கும். எத்தனை முறை மறுபடி வரிசையில் போட்டாலும், அலுவலக சர்வர் வியாழன் மாலை வாங்கியது என்ற வரி அழியாது. தபாலில் வரும் விண்ணப்பத்துக்கு முத்திரை தேதியைப் பார்க்கும் அலுவலகம், மின்னஞ்சலுக்கும் அந்த வரியைப் பார்ப்பதே முறை. பெட்டிக்கு வந்த நேரத்தைப் பார்த்து 'தாமதம்' என்று தள்ளக் கூடாது.

விடுபட்ட கடிதம் சில செயலிகளில் எழுதிய தேதியின்படி கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று வந்த கடிதங்களுக்குள் தேடிவிட்டு "இன்னும் வரலை" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அழைக்கும்போது 'வந்துச்சா' என்று மட்டும் கேட்காமல், அனுப்பிய முகவரி, தலைப்பு, அனுப்பிய நாளும் மணியும், இந்த மூன்றையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இறுதி நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பே அழைத்துவிட்டால் இன்னும் நல்லது. அலுவலகத்தில் மலாயில் பேச வேண்டியிருந்தால் "தோலோங் செமாக் குவாரந்தின் இமெயில்" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

பூட்டிய ஜிப் வேண்டாம், சாதாரண பி.டி.எஃப். அனுப்புங்கள். ஐசி நகலைப் பற்றிய கவலை இருந்தால், அதன் மேல் குறுக்கே கோடு போட்டு 'இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதும் பழைய பழக்கம் இங்கேயும் உதவும். தலைப்பில் உங்கள் பெயரும் விண்ணப்பத்தின் பெயரும் இருக்கட்டும். 'அனுப்பியவை' பெட்டியில் உள்ள பிரதியை, பதில் வரும்வரை அழிக்காதீர்கள்.

உங்களுக்கு வரவேண்டிய கடிதம் வரவில்லை என்றாலும் இதே கணக்குதான். ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் 'ஸ்பேம்' பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே 30 நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். நல்ல கடிதத்தை அங்கே கண்டால் 'ஸ்பேம் அல்ல' என்று குறியுங்கள், அடுத்த முறை வடிகட்டி கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கும். தெரியாத இணைப்பைத் தொட்டுப் பணம் பறிபோனதாகத் தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே 997 என்ற தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண்ணுக்கு அழையுங்கள்.